அண்ணன் வீட்டுக்கு ஒரு டாப்-அப், வக்கீல் தேர்வுக்கு இன்னொன்றா?

கேள்வி: எனக்கு 32 வயது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நான்கு வருடம் ஜூனியர் வக்கீலாக இருந்தேன். அப்புறம் துபாயில் ஒரு சட்ட ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. சம்பளம் 11,000 திர்ஹாம், அதில் பேசிக் 6,000. அண்ணன் ஊரில் வீடு கட்ட, மூன்று வருடம் முன்பு இங்கே 8% வட்டியில் 1,20,000 திர்ஹாம் பெர்சனல் லோன் எடுத்து அனுப்பினேன். திருப்பித் தருவதாகத்தான் அண்ணன் இன்றும் சொல்கிறார். அதற்குப் பிறகு இரண்டு முறை டாப்-அப் செய்து, அதாவது கட்டிக் கழித்த அசலை அதே கடனில் மறுபடி வாங்கி, அனுப்பினேன். இப்போது மாடி எடுக்க மறுபடி கேட்கிறார். இங்கிலாந்து சொலிசிட்டர் தேர்வான எஸ்.க்யூ.இ. எழுத ஆசை. கோச்சிங் மட்டும் 14,000 திர்ஹாம். இந்த டாப்-அப்பில் பாதியை அண்ணனுக்கும் பாதியைத் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளலாமா? மாதம் 1% கட்டினால் ஃபிளாட் என்று ஒருவர் வேறு சொல்கிறார். (பெயர் வேண்டாம், துபாய்)

பதில்: டாப்-அப் வேண்டாம். அண்ணனுக்கும் வேண்டாம், தேர்வுக்கும் வேண்டாம். நீங்கள் கடன் வாங்கியதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது குறையக் குறைய மறுபடி மேலே ஏற்றிவிடும் பழக்கம்தான் உங்களைக் கீழே இழுக்கிறது.

கணக்கைத் தோராயமாகப் பாருங்கள். 1,20,000 திர்ஹாம், 48 மாதம், 8% என்றால் மாதத் தவணை சுமார் 2,930. ஒரு வருடத்தில் கட்டுவது 35,000. அதில் அசலில் கழிவது 26,500 தான். மீதி 8,600 சொச்சம் வட்டி. வருடக் கடைசியில் வங்கியிலிருந்து போன் வருகிறது, பழையபடி 1,20,000 ஆக்கித் தருகிறோம் என்று. நீங்களும் அந்த 26,500-ஐ வாங்கி ஊருக்கு அனுப்பிவிடுகிறீர்கள். தவணை அதேதான், ஆனால் 48 மாதம் முதலிலிருந்து தொடங்கிவிடும். மூன்று வருடம் முடியப்போகும் நிலையில் வட்டி மட்டும் 26,000 திர்ஹாம் போயிருக்கிறது; பாக்கி இன்னும் 93,500. முதல் கடனை அப்படியே விட்டிருந்தால் இன்னும் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும்.

எஸ்.க்யூ.இ. இரண்டு பாகத்துக்கும் தேர்வுக் கட்டணம் சுமார் 4,900 பவுண்டு. பவுண்டுக்கு 5 திர்ஹாம் என்று வைத்தால் 24,500. நீங்கள் கட்டிய வட்டியிலேயே தேர்வுக் கட்டணம் முழுவதும் அடங்கிவிட்டது.

‘வேலை போனால் ஊருக்கு வந்துவிடு, துபாய்க் கடன் இங்கே வராது’ என்று அண்ணன் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வக்கீல் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாமா? சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி ஐக்கிய அரபு அமீரகத்தை, தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் நாடாக 2020 ஜனவரியில் இந்தியா அறிவிக்கை செய்துவிட்டது. அங்கே வாங்கிய பணத் தீர்ப்பை இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். அதற்கு முன்னாலேயே வங்கி உங்கள்மேல் பயணத் தடை வாங்கினால் விமானம் ஏறவே முடியாது. உங்கள் கிராச்சுட்டியையும் பாருங்கள். வருடத்துக்கு 21 நாள் பேசிக் என்றால் 4,200; நான்கு வருடத்துக்கு 16,800. அமீரகத்தின் வேலையிழப்புக் காப்பீட்டில் பேசிக்கில் 60%, அதாவது மாதம் 3,600, அதிகபட்சம் மூன்று மாதம். இரண்டையும் கூட்டினாலும் 27,600. பாக்கிக் கடனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

இனி அண்ணன் விஷயம். இதுவரை நீங்கள் கடன் வாங்கிக் கொடுத்தது மட்டும் 1,73,000 திர்ஹாம். 23 ரூபாய் என்று போட்டால் ஏறக்குறைய 40 லட்சம். மனை அப்பா பெயரில், பிளான் அப்ரூவல் அண்ணன் பெயரில். உங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர்களின் ஒப்பந்தத்தில் ஓட்டை தேடுகிற நீங்கள், சொந்தப் பணம் 40 லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. கைமாற்றுக்குக் காலவரம்பு மூன்று வருடம். முதலில் அனுப்பிய பெரிய தொகைக்கு அந்தக் கெடு நெருங்குகிறது. வரம்பு முடிவதற்குள் அண்ணனிடம் கடன் ஒப்புதலை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். அதைவிட நல்ல வழி, மனையிலும் வீட்டிலும் ஒரு பங்கை அப்பா உங்கள் பெயருக்குப் பதிவு செய்த செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிவைப்பது. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அண்ணி, பிள்ளைகள், வீட்டை அடமானம் பிடிக்கும் வங்கி என்று எத்தனையோ பேர் நடுவில் வருவார்கள். சண்டை வரும் என்று பயப்படுகிறீர்கள். பத்திரத்துக்குச் சண்டை வருமென்றால் அது இப்போதே வந்துவிடுவது நல்லது, மாடி எழும்பிய பிறகு வேண்டாம்.

மாடிக்குப் பணம் அவசரம் என்றால், ஊரிலேயே சம்பாதிக்கும் அண்ணன் தன் பெயரில் வீட்டுக் கடன் வாங்கட்டும். இப்படிச் சொல்வதில் பாசம் குறைந்துவிடாது.

தேர்வுக்கு வருவோம். அமீரகத்தின் அரபு மொழி நீதிமன்றங்களில் எழுந்து வாதாடுவது பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே என்பதும், நம்மவர்கள் அரசிடம் பதிவு செய்த சட்ட ஆலோசகராகத்தான் வேலை பார்க்கிறார்கள் என்பதும் உங்களுக்கே தெரியும். துபாயின் டி.ஐ.எஃப்.சி., அபுதாபியின் ஏ.டி.ஜி.எம். ஆகிய இரண்டு நிதி மண்டலங்களில்தான் ஆங்கிலப் பொதுச் சட்ட முறையும் ஆங்கிலத்தில் நடக்கும் நீதிமன்றங்களும் இருக்கின்றன. சொலிசிட்டர் தகுதிக்கு அங்கேயும் பன்னாட்டு நிறுவனங்களிலும் நிச்சயம் மதிப்பு உண்டு. ஆனால் அது கதவைத் திறக்கும், அவ்வளவுதான். தகுதி வந்த மறு மாதமே சம்பளம் இரட்டிப்பாகும் என்று வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

கோச்சிங்குக்கு ஒரு காசு கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தியாவில் பதிவு செய்த வக்கீல், அனுபவமும் உள்ளவர் என்பதால், இரண்டாம் பாகத்துக்கு விலக்குக் கேட்டு இங்கிலாந்தின் சொலிசிட்டர் ஒழுங்குமுறை அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். ஆவணங்களைப் பார்த்துத்தான் தருவார்கள், ஆனாலும் கேட்க வேண்டும். கிடைத்தால் சுமார் 3,000 பவுண்டு மிச்சம். அந்தப் பாகத்தின் வாய்மொழித் தேர்வை இங்கிலாந்து, வேல்ஸ் போய்த்தான் எழுத முடியும் என்பதால் விசா, டிக்கெட், தங்கும் செலவும் மிச்சம். இது தெரியாமல் இரண்டு பாகத்துக்கும் சேர்த்து 14,000 கட்டுவது வீண். உங்கள் நிறுவனத்திடமும் கேளுங்கள். தேர்வுக் கட்டணத்தை அவர்கள் ஏற்று, பதிலுக்கு இரண்டு வருடம் இருக்கச் சொன்னால் சம்மதிக்கலாம். நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற வரியை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

எதுவுமே கிடைக்காது என்று வைத்தே கணக்குப் போடுவோம். சம்பளம் 11,000. வாடகை, சாப்பாடு, போன் 4,500. அப்பா அம்மாவுக்கு 1,200. அதில் கை வைக்க வேண்டாம். தவணை 2,930. மீதி 2,370. இப்போது இதில் பெரும்பகுதி சிமென்ட், கம்பி என்று அண்ணனுக்கே போகிறது. அதை நிறுத்தினால், ஒன்பது, பத்து மாதத்தில் மூன்று மாதச் செலவும் தவணையும் சேர்ந்த 22,300 கையிருப்பு ஆகிவிடும். அதை முதலில் செய்யுங்கள். அதற்குப் பிறகு ஏழு மாதத்தில் முதல் பாகக் கட்டணம் 9,500, அந்தப் பாகத்துக்கு மட்டும் கோச்சிங் சுமார் 7,000. ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை அந்தத் தேர்வு நடக்கிறது, துபாயிலேயே எழுதலாம். ஒன்றரை வருடம் தள்ளிப்போகிறதே என்று தோன்றும். போகட்டும். ஆறு வருடத்துக்குள் அதிகபட்சம் மூன்று முறைதான் எழுத முடியும் என்பதால் அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம்.

ஃபிளாட்டைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 6 லட்சம் திர்ஹாம் ஸ்டுடியோவுக்கு 1% என்றால் மாதம் 6,000. உங்களிடம் இருப்பது 2,370. பாதியில் நின்றால் துபாய்ச் சட்டப்படி, கட்டுமானம் எவ்வளவு முடிந்தது என்பதைப் பொறுத்து மொத்த விலையில் 40% வரை பில்டர் எடுத்துக்கொள்ளலாம். அந்த விற்பனையாளருக்கு வேண்டாம் என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, டாப்-அப் அழைப்புகள் இனி வேண்டாம் என்று வங்கிக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.