புள்ளி வெச்சா கை நிக்குது: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல நாலு பார்கின்சன்ஸ் பத்தி, அதாவது கை நடுங்கி, உடம்பு இறுகி, அசைவு மெதுவாகற மூளை நோய் பத்தி. எனக்கும் எட்டு வருஷமா இருக்கு, வலது கைல ஆரம்பிச்சுது, அதனால படிச்சதையும் பட்டதையும் கலந்து சொல்றேன். மாத்திரை விஷயத்துல மட்டும் உங்க நியூராலஜிஸ்ட் சொல்றதுதான் கணக்கு.

அம்மாவுக்கு 68 வயசு. மார்கழி பூரா வாசலை அடைச்சு சிக்கு கோலம் போடுவாங்க. மூணு வருஷம் முன்னாடி பார்கின்சன்ஸ்னு சொன்னதுலேருந்து கோலப்பொடி டப்பாவையே தொடல, இழை கோணுது, பாக்கறவங்க என்ன நெனப்பாங்கன்னு சொல்றாங்க. போன வாரம் கெஞ்சி ஒண்ணு போட வெச்சேன், முகத்துல சந்தோஷமே இல்ல. விட்டுடலாமா?
ஒரு மகள், கும்பகோணம்

விட்டுடாதம்மா. மொதல்ல அந்த முகத்தைப் பத்தி சொல்லிடறேன். இந்த நோய்ல முகத்துத் தசையும் இறுகிப்போகும், உள்ள எவ்வளவு சந்தோஷம் இருந்தாலும் சிரிப்பு வெளிய வந்து சேராது. என் பேத்தி பாடிட்டு இருக்கும்போதே நிறுத்தி "கோவமா பாட்டி?"ன்னு கேப்பா, நான் மனசுக்குள்ள தாளம் போட்டு ரசிச்சுட்டு இருப்பேன். அதனால முகத்தைப் பாத்து முடிவு பண்ணாம, எப்படிம்மா இருந்துச்சுன்னு வாயால கேளு.

அடுத்து கை. டாக்டருங்க இதை மாத்திரை உருட்டுற நடுக்கம்னு சொல்லுவாங்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ உருட்டற மாதிரியே இருக்கும். கோலப்பொடி விடறதும் அதே ரெண்டு விரல்தான்! பெரும்பாலும் கை மடில சும்மா கெடக்கும்போதுதான் இந்த நடுக்கம் ஜாஸ்தி, ஒரு வேலைன்னு கை நீண்டா கொறையும். எனக்கு பொடிய கிள்ளி எடுக்கற வரைக்கும் ஆடும், மொதல் புள்ளி மேல விரல் வந்ததும் அடங்கிடும், ஆனா பின்னாடி யாராவது நின்னு பாத்துட்டு இருந்தா போச்சு, பதட்டம் வந்தா நடுக்கம் ஏறிடும். அம்மா சொல்ற "பாக்கறவங்க"தான் நெஜமான தொல்லை. வாசல் இப்போதைக்கு வேண்டாம், உள்ள ஒரு பெரிய பலகைய சாப்பாட்டு மேஜை மேல வெச்சு குடு. குனிஞ்சு நிமிந்தா சில பேருக்கு பிரஷர் சட்டுன்னு எறங்கி தலை சுத்தும், அதுக்கும் இதுதான் நல்லது.

கோணறதைவிட பெரிய சங்கடம் அசைவு சின்னதாயிட்டே போறது. மூளைல டோபமின்ங்கற, அசைவை நடத்தற ரசாயனத்தை சுரக்கற செல்லுங்க அழியறதால, தன்னால ஓட வேண்டிய அசைவு சுருங்கிடுது, ஆனா கண்ணுக்கு ஒரு குறி கெடச்சா திரும்ப பெருசாகும், தரைல கோடு போட்டு நடக்கப் பழக்கறாங்களே அது இதனாலதான். புள்ளிக்கோலத்துல அந்தக் குறி ஏற்கனவே இருக்கு பாரு. வெறுங்கையா பூக்கோலம் எனக்கு இப்ப வரல, ஏழு புள்ளி ஏழு வரிசை வருது. பதினஞ்சு புள்ளி போட்ட கைய ஏழுக்கு வரச்சொன்னா அம்மாவுக்கு வலிக்கும், அதுக்கு அவசரப்படுத்தாத. மூளைல டோபமினா மாறற லெவோடோபா மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணி கழிச்சு கை லேசாகற நேரம் ஒண்ணு வரும், அம்மாவுக்கு அது எப்போன்னு ஒரு வாரம் குறிச்சு வெச்சு அந்த நேரத்துல பொடி டப்பாவ பக்கத்துல வை. டோபமின் கொறைஞ்சா எதுலயும் நாட்டம் வராம போறதும் உண்டு, அதை சோம்பல்னு நெனைக்காத.

ரிட்டயர்டு கிளார்க். தினமும் கவிதை எழுதுவேன். எழுத்து வரியோட கடைசில எறும்பு மாதிரி ஆயிடுது, எனக்கே படிக்க முடியல.
ஒரு வாசகர், திருநெல்வேலி

ஐயா, வணக்கம். இதுவும் நோயோட அடையாளம்தான், சில பேருக்கு நடுக்கத்துக்கு முன்னாடியே எழுத்து சிறுத்துடும். பேரப்பிள்ளைங்க எழுதற ரெட்டைக்கோடு நோட்டு ஒண்ணு வாங்குங்க, மேல் கோட்டை தொடணும் கீழ் கோட்டை தொடணும்னு ஒவ்வொரு எழுத்துக்கும் மனசுல சொல்லிட்டே எழுதுங்க, தடிமனான பேனாவா இருக்கட்டும், வேற யார்கிட்டயும் பேசிட்டே எழுதாதீங்க. எழுதி முடிச்சதும் எதிர் செவத்துக்கு கேக்கற மாதிரி சத்தமா படிங்க, ஏன்னா குரலும் இதே மாதிரி சிறுத்துட்டே வரும், நமக்கு சரியா பேசற மாதிரிதான் தோணும், எதிர்ல இருக்கறவங்களுக்கு கேக்காது. கவிதைய வீட்ல எல்லாரும் கேக்கட்டுமே.

என் வீட்டுக்காரர் வாழ்க்கைல பிரஷ் தொட்டதில்ல. மாத்திரை மாத்துனதுலேருந்து படம் வரையறார், அழகா இருக்கு, ஆனா ராத்திரி மூணு மணி வரைக்கும் தூங்கறதில்ல, பென்ஷன் பணத்துல பாதி பெயின்ட்டுக்கே போகுது.
ஒரு வாசகி, கோயம்புத்தூர்

இதைப் படிச்சதும் எனக்கு கொஞ்சம் பதறுச்சு. பிராமிபெக்சோல், ரோபினிரோல் மாதிரி, டோபமின் போலவே வேலை செய்யற பார்கின்சன்ஸ் மாத்திரை சாப்பிடறவங்கள்ல சில பேருக்கு ஒரு காரியத்தை நிறுத்த முடியாத வேகம் வரும், சூதாட்டம், கண்டபடி வாங்கறது, ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யறதுன்னு எப்படி வேணா வரலாம். புதுசா வரைய ஆரம்பிச்சவங்க இருக்காங்க, அதுல நல்லதும் உண்டு. ஆனா தூக்கம் போச்சு, காசு போகுதுன்னா டாக்டர்கிட்ட இந்த வாரமே சொல்லுங்க, அளவை மாத்தினாலே பல பேருக்கு சரியாகுது. நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. படத்தை கிழிக்கறேன், பெயின்ட்டை ஒளிச்சு வைக்கறேன்னும் கெளம்பாதீங்கம்மா, அவர் கெட்ட பழக்கத்துல விழல.

சின்ன வயசுல பரதம் கத்துக்கிட்டேன். இப்ப 61, பார்கின்சன்ஸ். ஆடலாமா, விழுந்துடுவேனா?
ஒரு வாசகி, மதுரை

ஆடலாம், பிசியோதெரபிஸ்ட்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு ஆரம்பிங்க. நியூயார்க்ல புரூக்ளின்ல மார்க் மோரிஸ் நடனக்குழு 2001லயே பார்கின்சன்ஸ்காரங்களுக்குன்னு வகுப்பு ஆரம்பிச்சாங்க, இப்ப உலகம் பூரா பல நாட்டுல நடக்குது. தாளம் கெடச்சா கால் நகரும். வாசப்படில என் கால் ஒட்டிக்கும்போது நான் "தகதிமி"ன்னு வாய்விட்டு சொல்லித்தான் அடுத்த அடி வைக்கறேன். நீங்க கைப்பிடி வெச்ச நாற்காலில உக்காந்துட்டே தட்டடவு, அதான் கால் தட்டற மொதல் அடவு, போடுங்க, அப்பறம் முத்திரை. விரலெல்லாம் தாமரை மாதிரி விரியற அலபத்ம முத்திரைல சுண்டுவிரல் கடைசி வரைக்கும் விரியுதான்னு பாருங்க, எனக்கு காலைல பத்து மணி மாத்திரைக்கு அப்பறம்தான் விரியும், விரிஞ்சதும் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சு பாத்துட்டு இருப்பேன்.