சென்ட்ரல் பார்க்கில் ஓடுபவரும் நாயும் எதிர்ப்பட்டால் யார் விலகுவது?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் காலையில் ஓடும்போது கயிறில்லாத நாய்கள் குறுக்கே வருகின்றன, இது விதிமீறல் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. காலை 6 முதல் 9 மணி வரையும், இரவு 9 மணியிலிருந்து பூங்கா மூடும் 1 மணி வரையும் பல பகுதிகளில் நாய்களை அவிழ்த்துவிட அனுமதி உண்டு. ஓடுபவர்கள் திரளும் காலை நேரமும் அதுதான்; உரசல் அங்கேதான் தொடங்குகிறது. அழைத்தால் திரும்பி வராத நாயை அந்த நேரத்திலும் அவிழ்த்துவிடுவது பொறுப்பற்ற செயல். மற்ற நேரங்களில் 6 அடிக்கு மிகாத கயிறு கட்டாயம்.

நாயே வேண்டாம் என்றால் பூங்காவுக்குள் இருக்கும் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள ஓட்டப்பாதைக்குப் போங்கள். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். அங்கே நாய்களுக்கு எந்த நேரத்திலும் அனுமதியில்லை. குதிரைப் பாதையில் நாய் வரலாம், கயிற்றோடு மட்டும்.

மற்ற பாதைகளில் விலக வேண்டியவர் பின்னாலிருந்து வருபவர்தான் என்பது என் உறுதியான கருத்து. முன்னே நடப்பவருக்கு முதுகில் கண் இல்லை. முப்பது அடிக்கு முன்பே "இடப்பக்கம் வருகிறேன்" என்று குரல் கொடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றி, நாயைத் தன் மறுபக்கம் இழுத்துக்கொள்ள அவருக்கு அந்த இரண்டு மூன்று நொடி போதும். அவருக்கும் நாய்க்கும் நடுவே மட்டும் புகாதீர்கள்; விறைத்த கயிறு காலை வாரிவிடும்.

நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், அது இன்னும் உற்சாகமாகத் துரத்தும். நின்றுவிடுங்கள். கைகளை உடலோடு ஒட்டி, முறைத்துப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் திரும்பி நின்றால் பெரும்பாலான நாய்கள் ஆர்வமிழந்து போய்விடும்.