சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குத் தூரம் எவ்வளவு? கணக்கிட்ட நேரமும் பயணச்சீட்டு நேரமும் ஏன் வேறுபடுகின்றன?

சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்தால் 17 மணி நேரம்தானே வருகிறது, தாயாரின் பயணச்சீட்டில் மட்டும் ஏன் 18 மணி 40 நிமிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வகுத்தலில் பிழை இல்லை. விமானம் அந்தக் கோட்டில் பறப்பதில்லை என்பதே காரணம்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சிங்கப்பூர் கிழக்கு 104 பாகையிலும் நியூயார்க் மேற்கு 74 பாகையிலும் இருப்பதால், அதாவது பூமியின் ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், நூல் பசிபிக்கையோ அட்லாண்டிக்கையோ குறுக்கே கடக்காமல் சீனா, மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிச் சென்று, கனடா வழியாக இறங்கும். என் மகளுக்கு இதைக் காட்டியபோது அவள் நம்பாமல் மூன்று முறை நூலை மாற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

ஆனால் குறுகிய வழியே விரைவான வழி என்று சொல்ல முடியாது. தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது; குளிர்காலத்தில் இதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது வழக்கம். கடந்த டிசம்பரில் நான் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் சென்றபோது, ஜப்பானுக்குக் கிழக்கே இருக்கைத் திரையில் தரைவேகம், அதாவது தரையை ஒப்பிட்ட வேகம், மணிக்கு 1,130 கிலோமீட்டர் என்று காட்டியது. பசிபிக்கின் மேல் ஒரு குறுகிய பகல் வந்து போயிற்று. கனடாவை எட்டும்போது மறுபடியும் இருட்டு. இப்படிப் பசிபிக் வழியாக நெடுந்தூரம் சுற்றிப் போனாலும், பின்னாலிருந்து தள்ளும் காற்று அந்தக் கூடுதல் தூரத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. ரஷ்ய வான்வெளியைப் பல நிறுவனங்கள் 2022 முதல் தவிர்த்துவருவதும் துருவ வழியை எட்டாததாக்கியிருக்கிறது.

திரும்பும்போது பெரும்பாலும் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து வருவார்கள். அதுவும் கிழக்கு நோக்கிய பயணமே. ஆகவே போகும் நேரமும் வரும் நேரமும் இந்தத் தடத்தில் அதிகம் மாறுவதில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையிலான தடத்தில் அப்படியில்லை. லண்டன் செல்லும்போது எதிர்காற்று இருப்பதால், திரும்பும் பயணத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகிறது.

பயணச்சீட்டு நேரம் என்பது வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வாயிலை அடையும் வரையிலான கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

தாயார் தனியாக வருவதால் தேதியைத்தான் மிகவும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். இரு ஊர்களுக்கும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் கோடையில் 12 மணி நேரமும் வித்தியாசம். நியூயார்க்கில் திங்கள் இரவு ஏறுபவர் சாங்கியில் இறங்குவது புதன் விடியற்காலையில். அழைத்துவரப் போகிறவரிடம் செவ்வாய் என்று சொல்லிவிடாதீர்கள்.