வாரத் தொகையா, 53 வயதிலேயே பென்ஷனா?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் 24 ஆண்டுகளாக லேத் ஆபரேட்டர். வயது 53, சம்பளம் 34,000 ரூபாய். நான்கு மாதங்களுக்கு முன் பைக்கில் போகையில் நாய் குறுக்கே வந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். பழையபடி நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். நானே எடுத்த விபத்துக் காப்பீட்டில், வேலை செய்ய முடியாத காலத்துக்கு வாரம் 5,000 ரூபாய், அதிகபட்சம் 100 வாரம் என்று இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை. லீவு தீர்ந்துவிட்டது, ராஜினாமா கொடுத்தால் பி.எஃப். பென்ஷனை இப்போதே வாங்கித் தருகிறோம் என்கிறது கம்பெனி. எதை எடுப்பது?

பதில்: ராஜினாமா கடிதத்தில் மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு இரண்டல்ல, மூன்று வழிகள் இருக்கின்றன. கம்பெனி சொல்லாமல் விட்ட மூன்றாவது வழியை அந்தக் கடிதம் அடைத்துவிடும்.

1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் (இபிஎஸ்) பத்தாண்டு சேவை முடித்து வேலையை விட்டவர், 50 வயதிலிருந்தே பென்ஷன் கேட்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. உங்கள் சேவைக்கு 5,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டு வெட்டுக்குப் பிறகு சுமார் 4,077 ரூபாய்தான் கைக்கு வரும். 58 வயதானதும் இந்த வெட்டு நீங்காது, ஆயுள் முழுக்க அதே தொகைதான்.

கம்பெனி சொல்லாத மூன்றாவது வழி இதுதான்: அதே திட்டத்தின் 15-வது பத்தி இயலாமைப் பென்ஷன் தருகிறது. பணியில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக வேலைக்குத் தகுதியற்றுப் போனவருக்கு வயது வெட்டு கிடையாது. பத்தாண்டு சேவைகூடத் தேவையில்லை, ஒரு மாதச் சந்தா போதும். விபத்து வேலையிடத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மருத்துவ வாரியம் (உங்கள் உடல்தகுதியைச் சோதிக்கும் டாக்டர்கள் குழு) பார்ப்பது, இயலாமை ஏற்பட்டபோது நீங்கள் செய்துகொண்டிருந்த வேலைக்கு இனி நிரந்தரமாகத் தகுதியில்லையா என்பதைத்தான். எட்டு மணி நேரம் லேத் முன்னால் நிற்கும் வேலை உங்களுடையது. அதை கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி வாரியத்தின் முன் வையுங்கள். வெறும் 'ஆபரேட்டர்' என்று போனால் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றே நினைப்பார்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வாரத் தொகைக்குத் தேவை 'தற்காலிக முழு இயலாமை'. இயலாமைப் பென்ஷனுக்குத் தேவை 'நிரந்தர முழு இயலாமை'. அவசரப்பட்டு இன்றே நிரந்தரம் என்று சான்று வாங்கினால், காப்பீட்டு நிறுவனம் அதையே காட்டி வாரத் தொகையை நிறுத்தப் பார்க்கும். ஆகவே, சிகிச்சையும் பிசியோதெரபியும் நடக்கும்வரை வாரத் தொகை. அது மாதத்துக்கு 21,000 ரூபாய்க்கு மேல், வெட்டுப்பட்ட பென்ஷனைப் போல ஐந்து மடங்கு. சிகிச்சை முடிந்து, இனி இந்த வேலைக்குத் திரும்ப முடியாது என்று எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு மருத்துவ வாரியம். அதுவரை உங்கள் பெயர் கம்பெனி ரோலில் இருக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பு கேட்டு இன்றே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்து அவர்களாகவே வெளியேற்றினால், உடல்நிலைதான் காரணம் என்று அவர்கள் கைப்பட எழுதிய கடிதமாக அது இருக்கட்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் இந்த வாரமே தகவல் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, விபத்து நாளில் செல்லுபடியான ஓட்டுநர் உரிமம், எந்தத் தேதியிலிருந்து வேலைக்குத் தகுதியில்லை என்று தேதி போட்ட மருத்துவர் சான்று, கம்பெனியின் விடுப்புச் சான்று வேண்டும். ராஜினாமா கொடுத்தவருக்கு இந்தக் கடைசிச் சான்று கிடைப்பதில்லை, கிளெய்ம் அங்கேயே நிற்கும். நான்கு மாதத் தாமதத்துக்கு அஞ்ச வேண்டாம். நியாயமான காரணம் இருந்தால், தாமதத்தை மட்டும் வைத்து கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. படுக்கையில் இருந்ததைக் காரணமாக எழுதுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி மறுத்தாலோ, 30 நாள் பதில் சொல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னை காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (நிறுவனத்துக்கு வெளியே புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பி.எஃப். பக்கம் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். பணி நீங்கும்போது உங்கள் யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கில் வெளியேறிய காரணத்தை கம்பெனிதான் பதிவு செய்யும். அங்கே 'நிரந்தர இயலாமை' என்று இருக்க வேண்டும். சாதாரணப் பணிவிலகல் என்று போட்டுவிட்டால், திருத்துவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பென்ஷன் கேட்கும் விண்ணப்பமான படிவம் 10டி-யில் பென்ஷன் வகை கேட்கும் இடத்திலும் இயலாமைப் பென்ஷனையே குறியுங்கள். 'குறைக்கப்பட்ட பென்ஷன்' கட்டத்தை கம்பெனி ஆள் நிரப்பிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மருத்துவ வாரியம் மறுத்து, வேறு வேலையும் அமையாவிட்டால் மட்டும் முன்கூட்டிய பென்ஷனுக்குப் போங்கள். அப்போது அது மோசமான முடிவு அல்ல. 53-லிருந்து 58 வரை மாதம் 4,077 வாங்கினால் சுமார் 2.45 லட்சம் ரூபாய் சேரும். 58 வரை காத்திருந்து கூடுதலாகப் பெறும் மாதம் 923 ரூபாய் அந்தத் தொகையை எட்டிப் பிடிக்கும்போது உங்களுக்கு 80 வயதாகியிருக்கும்.