"நான் கணக்கில் புலி" என்று சொன்னால் பயம் போகுமா? கோத்தகிரி கணக்கு டீச்சரிடம் கேள்வி பதில்

பொதுத்தேர்வு நெருங்குவதால் தன்னம்பிக்கை வாசகங்களைப் பற்றி நீலகிரி மலை முழுவதிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் பாடமும் மாணவர் ஆலோசனையும் எனக்குப் பழகிய வேலை. அதற்குள் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கூடலூரில் இருந்து ஒரு அம்மா: டீச்சர், மகள் பத்தாவது. அரையாண்டில் கணக்கில் 28 மார்க். தினமும் கண்ணாடி முன்னால் நின்று "நான் கணக்கில் புலி" என்று சொல்ல வைக்கிறேன். சொல்லும்போதே அழுகிறாள். தொடரலாமா?

வேண்டாம் அம்மா, இன்றே நிறுத்திவிடுங்கள். 28 வாங்கிய பிள்ளை அதைச் சொன்னதும் "28 வாங்கியவள்தானே நீ" என்று உள்ளே ஒரு குரல் பதில் சொல்லும். சொல்லச் சொல்ல அந்தக் குரல்தான் வலுக்கும். கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பார்த்தார்கள். தங்களைப் பற்றி ஏற்கெனவே நல்லபடி நினைப்பவர்களுக்கு "நான் அன்புக்குரியவள்" போன்ற வாசகம் கொஞ்சம் தெம்பு தந்தது. தங்களைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு மனநிலை இன்னும் மோசமானது. யாருக்கு உதவி தேவையோ அவர்களுக்குத்தான் அடி.

நெதர்லாந்தில் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் சாண்டர் தோமஸ் குழு செய்த சோதனை உங்கள் மகளுக்கு நேராகப் பொருந்தும். கணக்குத் தேர்வின் நடுவில் சில பிள்ளைகள் "என்னால் முடிந்தவரை செய்வேன்" என்று மனசுக்குள் சொன்னார்கள். வேறு சிலர் "இதில் நான் ரொம்பக் கெட்டி" என்று சொன்னார்கள். தனக்குக் கணக்கு வராது என்று நம்பிய பிள்ளைகளுக்கு முயற்சியைப் பற்றிய வாசகம் கைகொடுத்தது. திறமையைப் பற்றிய வாசகம் உதவவில்லை.

அதனால் வாசகத்தை மாற்றுங்கள். பத்தாவது கணக்குத் தேர்வில் செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16 மார்க். "இன்று ஒரு வரைபடக் கணக்கைக் கடைசிவரை போடுவேன்" என்று சொல்லட்டும். சாயங்காலம் உட்கார்ந்து போடட்டும். அப்போது அவள் சொன்னது அன்றைக்கே உண்மையாகிவிடும். தன்னம்பிக்கையைப் பற்றி நிறைய ஆராய்ந்த ஆல்பர்ட் பண்டூரா, ஒரு காரியத்தைத் தானே செய்து முடித்த அனுபவத்தைத்தான் முதலிடத்தில் வைத்தார். அடுத்தவர் சொல்லும் ஊக்க வார்த்தைகளுக்கு அவ்வளவு பலம் இல்லை.

குன்னூர்: ஒரு வாசகத்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்ல வேண்டும்? 21 நாள் சொன்னால் போதுமா?

21 நாள் கணக்குக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஒரு முறை சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் போதும்.

பந்தலூர், எஸ்டேட் லைன் வீட்டில் இருந்து ஒரு மாணவி: டீச்சர், வீட்டில் போட்டால் எல்லாம் வருகிறது. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கி எல்லாம் மறந்துவிடுகிறது. அதற்கு என்ன சொல்லிக்கொள்ளலாம்?

கண்ணு, "எனக்குப் பயமே இல்லை" என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதே. கை நடுங்கும்போது அது பொய் என்று உனக்கே தெரியும். என்ன செய்யப் போகிறாய் என்று இப்போதே முடிவு செய்துகொள்: "கை நடுங்கினால், பேனாவைக் கீழே வைத்து மெதுவாக மூன்று முறை மூச்சு விடுவேன். அப்புறம் தெரிந்த ஒரு மார்க் கேள்வியில் தொடங்குவேன்." இப்படி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானிப்பது பலன் தரும் என்று பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். கேள்வித்தாள் படிக்கக் கொடுக்கும் 10 நிமிடத்தில் உனக்கு நன்றாக வரும் கேள்விகளைத் தேடிக் கண்டுபிடி. உன் பெயரைச் சொல்லி, தோழியிடம் பேசுவதுபோல் உனக்கு நீயே பேசு. பதற்றம் குறைய அதுவும் உதவும் என்று ஈதன் க்ராஸ் குழு 2014இல் எழுதியது. இதையெல்லாம் ஹாலில் முதல்முறையாகச் செய்யாதே. வீட்டில் கடிகாரம் வைத்து ஒரு பழைய வினாத்தாளை எழுதிப் பழகிக்கொள்.

குந்தா: காலையில் சொல்வது நல்லதா, இரவிலா?

படிக்க உட்காரும் நேரத்தில்.

குன்னூர், டியூஷன் ஆசிரியர்: டீச்சர், நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. என் டியூஷனில் தினமும் காலையில் எல்லாரும் "நான்தான் முதல் மாணவன்" என்று சத்தமாகச் சொல்கிறார்கள். போன வருடம் ஒருத்தர்கூட ஃபெயில் இல்லை. எண்ணம் போல் வாழ்வு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

தம்பி, உங்கள் பிள்ளைகள் தினமும் டெஸ்ட் எழுதுகிறார்கள், நீங்கள் அன்றன்றைக்கே திருத்திக் கொடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பலன் தந்தது அந்த உழைப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருந்தது என்று ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டினார்கள். அந்தப் பெருமை உங்களுக்குத்தான் வர வேண்டும், வாசகத்துக்கு அல்ல.

வாசகம் சொல்லும் வழக்கம் வெளிநாட்டிலும் பழையதுதான். பிரான்சில் எமில் குவே என்ற மருந்தாளர், "ஒவ்வொரு நாளும் எல்லா வகையிலும் நான் மேலும் மேலும் தேறி வருகிறேன்" என்று மக்களைச் சொல்ல வைத்தார். 1920களில் அவருக்குப் பெரிய பேர். அவருடைய வாசகத்தில்கூட அடுத்தவரோடு போட்டி இல்லை என்பதைப் பாருங்கள். முதலிடம் ஒருவருக்குத்தான். மற்ற பிள்ளைகள் எல்லாரும் தினமும் காலையில் நடக்காத ஒன்றைச் சொல்கிறார்கள்.

உதகையில் இருந்து ஒரு அம்மா: சார் சொல்வதுதான் சரி. அவரிடம் போன பிறகுதான் என் பையனுக்குக் கூச்சம் போனது.

நாலு பேரோடு சேர்ந்து வாய்திறந்து பேசினால் கூச்சம் குறையும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. எதைச் சொல்கிறார்கள் என்பதுதான் என் கவலை. 1998இல் முல்லரும் ட்வெக்கும் செய்த ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சோர்ந்து போனார்கள், அடுத்த புதிர்களிலும் சறுக்கினார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் விடாமல் முயன்றார்கள். உங்கள் பையன் ஒரு ரிவிஷன் டெஸ்டில் சறுக்கினால் "நான்தான் முதல்" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

மீண்டும் டியூஷன் ஆசிரியர்: அப்போது எதைத்தான் சொல்ல வைப்பது?

"நேற்று தப்பாகப் போட்டதை இன்று சரியாகப் போடுவேன்." சத்தமாகவே சொல்லட்டும். ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி நிறுத்திச் சொல்ல வைக்காதீர்கள்.

டியூஷன் ஆசிரியர்: சரி டீச்சர், வாசகத்தை மாற்றிப் பார்க்கிறேன். சத்தம் குறையாது.

குறைய வேண்டாம் தம்பி.

கோத்தகிரி பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊர்) இருந்து: வீட்டில் படுக மொழிதான் பேசுகிறோம். வாசகத்தை இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டுமா?

வீட்டில் பேசும் மொழியிலேயே சொல்லட்டும்.

பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் உறைவிடப் பள்ளி ஆசிரியை, முதுமலைப் பக்கம்: எங்கள் பிள்ளைகள் வாசகம் சொல்லவே தயங்குகிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். தனக்கு முக்கியமானது எது, ஏன் என்று பிள்ளை ஒரு பக்கம் எழுத வேண்டும். பாட்டி, பாட்டு, காடு, தம்பியைப் பார்த்துக்கொள்வது, எதுவானாலும் சரி. "நான் கெட்டிக்காரன்" என்று எழுதத் தேவையே இல்லை. தனக்கு முக்கியமானதை நினைத்துப் பார்த்தால் மனசு தெம்பாகும் என்று உளவியலாளர் க்ளாட் ஸ்டீல் 1988இல் சொன்ன கருத்தை வைத்து, ஜெஃப்ரி கோஹன் குழு அமெரிக்காவில் ஏழாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தது. 'உங்களால் முடியாது' என்ற பேச்சைக் கேட்டே வளரும் கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது என்று 2006இல் வெளியிட்டார்கள். பிறகு வேறு பள்ளிகளில் செய்தபோது சில இடங்களில் பலன் சிறியதாக இருந்தது, சில இடங்களில் தெரியவே இல்லை. அதனால் மார்க் ஏறும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எழுதியதற்கு மார்க் போடாதீர்கள், பிழை திருத்தாதீர்கள், வகுப்பில் வாசிக்கச் சொல்லாதீர்கள். பரீட்சைக்கு முன்னால் எழுதச் சொல்லுங்கள்.

அரவங்காடு: 48 நாள், ஒரு மண்டலம் சொன்னால் பலன் நிச்சயமா?

நாள் கணக்குக்கு மேலே குன்னூர்க்காரருக்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி அந்தக் கேள்வி வேண்டாம். பிள்ளை நம்பாத வாசகத்தை ஒரு நாள்கூடச் சொல்ல வைக்க வேண்டாம்.

மஞ்சூரில் இருந்து ஒரு அப்பா: பன்னிரண்டாவது படிக்கும் மகன் சில வாரமாகச் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. "நான் இருந்து என்ன பயன்" என்கிறான். அவனுக்கு ஏற்ற வாசகம் சொல்லுங்கள்.

ஐயா, இதற்கு வாசகம் வேண்டாம். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கிளம்புவதற்கு முன்பே 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அவனைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தும் மாத்திரைகளும் அவன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மார்க் பேச்சை வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம். போய்வந்ததும் எனக்குத் தனியாகத் தெரியப்படுத்துங்கள், பள்ளியில் பேச வேண்டியதை நான் பேசுகிறேன்.