பாடத்தில் மாட்டிக்கொண்ட 12 சதவீதம்

கேள்வி: சார், பத்து வருடம் கடைகளுக்குக் கணக்கு எழுதியவள் நான். தமிழில் ஜிஎஸ்டி கணக்கு சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றைத் தயாரிக்கிறேன். 24 வீடியோவில் 14 முடிந்த நிலையில், 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறிவிட்டன. போதாக்குறைக்கு, பார்த்த தோழி ஒருத்தி, “பற்று வரவு விதியில் தொடங்காதே, கடை பில்லில் தொடங்கு” என்கிறாள். முதலிலிருந்து எடுக்கவா, முடித்துவிட்டுத் திருத்தவா?
- ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: நானும் ஒரு முறை டாலி என்ற கணக்கு மென்பொருள் பாடத்தை வீடியோவாக எடுக்கப் போனேன். மே மாதம், வேளச்சேரி வீடு. ஃபேன் சத்தம் விழுகிறதென்று அதை நிறுத்திவிட்டு இரவு பதினொரு மணிக்கு உட்காருவேன். சரியாக அப்போதுதான் தெருவில் தண்ணி லாரி வந்து நிற்கும். முதல் பாடத்தையே ஏழு முறை எடுத்தேன். எட்டாம் பாடம் இன்றுவரை வரவில்லை. ‘முதலிலிருந்து’ என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் வியர்க்கும்.

வரி விகிதம் தப்பு என்பது வேறு, தோழி சொன்னது வேறு. முதலாவதை உடனே திருத்தியாக வேண்டும். 14 வீடியோவையும் ஓடவிட்டு, விகிதம் எங்கெல்லாம் வருகிறதென்று ஒரு நோட்டில் குறியுங்கள். அநேகமாக மூன்று நான்கு பாடத்தில்தான் இருக்கும். ஆயிரம் ரூபாய் நெய்க்கு பழைய 12 சதவீதத்தில் மத்திய வரி 60, மாநில வரி 60 என்று போட்டிருந்தால், இப்போது 5 சதவீதம் என்பதால் 25, 25. அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுத்து ஒட்டினால் போதும். இனி எடுப்பவற்றில் விகிதப் பட்டியலைத் தனித் தாளாகக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை மாறினால் தாளை மாற்றலாம், தொண்டை பிழைக்கும்.

பழைய 12 சதவீதப் பாடத்தை அழித்துவிடாதீர்கள். செப்டம்பர் 10-ஆம் தேதி 12 சதவீதத்தில் விற்ற சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டை, அதாவது வாங்கியவர் கணக்கில் அந்தத் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டை, எந்த விகிதத்தில் போடுவது? பழைய விகிதத்தில்தான். புதிதாகக் கணக்கு எழுத வருகிறவர்கள் தடுமாறுகிற இடமே அது. அந்த வீடியோவுக்கு முன்னால் இரண்டு நிமிடம் பேசிச் சேர்த்தால், உங்களுக்கு ஒரு பாடம் இலவசம்.

அப்புறம் தோழி. அவரும் கணக்கு தெரிந்தவரா? அப்படியென்றால் அவர் தீர்ப்பை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். உங்கள் தெரு மளிகைக் கடைப் பையனை உட்காரவைத்து முதல் மூன்று பாடத்தைக் காட்டுங்கள். பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காதீர்கள். (கஷ்டம்தான்.) அவன் எங்கே செல்போனை எடுக்கிறான் என்று மட்டும் பாருங்கள். பற்று வரவில் எடுத்தால், ஒரு மளிகை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடப் புதிய வீடியோ ஒன்றை ஆரம்பத்தில் செருகிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பையனுக்கு நேரம் கிடைக்கிற வரை காத்திருக்க வேண்டாம். 15-ஆம் பாடத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். தண்ணி லாரி உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.