மருத்துவக் கல்வி கேள்வி – பதில்: பட்டம் பெற்ற பிறகு யார் கைகொடுப்பது?

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, நுவரெலியா மாவட்ட ஒதுக்கீட்டில் மருத்துவ பீடத்துக்குத் தெரிவானவள் நான். இப்போது கொழும்பில் உள்ளகப் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் விருப்பம். ஆனால் இந்தப் பாதையைப் பற்றிக் கேட்டறிய எங்கள் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மருதானை

பதில்: பல்கலைக்கழக அனுமதியின்போது 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. பட்டம் கைக்கு வந்ததும் இந்த ஏற்பாடு முடிந்துவிடுகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நிபுணத்துவப் பயிற்சிக்கு நடத்தும் தெரிவுப் பரீட்சை யாருடைய மாவட்டத்தையும் கேட்பதில்லை. அதைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தப் பரீட்சைக்குப் போகும் வழியில்தான் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. எந்தத் துறைக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தப் பேராசிரியர் இளையவர்களை ஆய்வில் சேர்த்துக்கொள்வார் என்பதெல்லாம் மருத்துவர்கள் நிறைந்த வீடுகளில் இராச்சாப்பாட்டோடு பரிமாறப்படும் செய்திகள். பீடத்தில் இருந்த காலத்தில் சீனியர்கள் இளையவர்களுக்குத் தாமாகவே எடுத்த குப்பி வகுப்புகள் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தன. பட்டத்துக்குப் பிறகு குப்பி எடுக்க ஆளில்லை என்பதே உங்கள் நிலைமை.

விரிவுரையாளராக நியமனம் பெறுபவர் முதலில் தகுதிகாண் காலத்தில் இருப்பார், நிலைபெறுவதற்கு எம்.டி. என்ற பட்டப்பின் பட்டமும் நிபுணத்துவச் சான்றும், அல்லது கலாநிதிப் பட்டம் போன்ற உயர் ஆய்வுத் தகுதியும் வேண்டும். ஆகவே முதலில் தேட வேண்டியது நல்ல மேற்பார்வையாளர் ஒருவரை. அவருடைய புகழைப் பார்க்காதீர்கள். அவர் அண்மையில் வெளியிட்ட நான்கைந்து கட்டுரைகளை எடுத்து, தலைப்புக்குக் கீழே முதலாவதாக யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஆய்வில் பெரும்பங்கு வேலை செய்தவரின் பெயரே வழக்கமாக முதலில் வரும். எல்லாவற்றிலும் அவருடைய பெயரே முன்னால் நின்றால், அங்கே நீங்கள் தரவு சேகரிப்பவராகவே காலம் தள்ள நேரும். இளையவர்களின் பெயர்கள் மாறிமாறி முன்னால் வந்தால் அந்த இடத்தை நம்பலாம். யோசனை சொல்பவர்கள் பலர் கிடைப்பார்கள். நீங்கள் இல்லாத கூட்டத்தில் உங்கள் பெயரை எடுத்துச் சொல்பவர் ஒருவர் கிடைப்பதுதான் அரிது, அவரே உங்களுக்கு வேண்டியவர்.

இரண்டாவதாக, மருத்துவமனை வாட்டிலேயே முடிக்கக்கூடிய சிறிய ஆய்வொன்றைத் தொடங்குங்கள். தரவு சேகரிக்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெறுங்கள். பின்னர் கேட்டால் கிடைக்காது. கட்டுரையில் யாருடைய பெயர் எந்த இடத்தில் வரும் என்ற வரிசையையும் அப்போதே மின்னஞ்சலில் எழுதிப் பேசிக்கொள்ளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். முடிவை இலங்கை மருத்துவச் சங்கத்தின் வருடாந்த மாநாட்டுக்கு அனுப்பலாம், அல்லது 1887 முதல் வெளிவரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னலுக்கு முயலலாம். உயர்தரம் வரை தமிழில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது தொடக்கத்தில் மலைப்பாகவே இருக்கும். முதல் வரைவைத் திருத்தித் தர ஒருவரைக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. எல்லாரும் கேட்கிறார்கள், சிலர் வெளியில் சொல்வதில்லை.

கேள்வி: பின்தங்கியவர்கள் என்று சிலருக்கு ஆய்வுத்துறையிலும் தனி உதவி செய்தால் திறமை அடிபட்டுப் போகாதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இப்போது திறமை மட்டுமே பார்க்கப்படுகிறது என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கேள்வி நிற்கும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் வழங்கும் ஆய்வு நிதியைப் பற்றி 2011இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. விண்ணப்பதாரரின் கல்வி, பயிற்சி, முன்னைய வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கிலெடுத்த பிறகும், கறுப்பினத்தவருக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. எங்கள் நாட்டின் கதை வேறு, பிரிவுகளும் வேறு. ஆயினும் தராசு நேராக நிற்கிறதா என்று பார்க்காமல் நிறையைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

கேள்வி: கொழும்பில் ஒரு மருத்துவத் துறைக்குத் தலைவராக இருக்கிறேன். எங்களிடம் தமிழ் பேசும் இளம் விரிவுரையாளர் ஒருவரே இருக்கிறார். சிறு குழந்தையின் தாய். அவருக்கு நான் எப்படி உதவலாம்?
– வாசகர், கொழும்பு 7

பதில்: முதலில் அவருடைய மேசையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். கொழும்பில் நோயாளிகளிடம் ஆய்வு செய்வதென்றால் சம்மதப் படிவமும் வினாக்கொத்தும் மூன்று மொழிகளிலும் வேண்டும். தமிழ்ப் பிரதி எல்லாருடைய ஆய்வுக்கும் அவரிடமே போகும். மாணவர் முறைப்பாடு, நலன்புரிக் குழு, தமிழ் மாணவர்களின் ஆலோசகர் பொறுப்பு ஆகியவையும் அவர் தலையிலேயே விழும். கடைசியில் கட்டுரையின் நன்றியுரையில் ஒரு வரி கிடைக்கும், பதவி உயர்வுப் புள்ளியில் ஒன்றும் சேராது. மொழிபெயர்ப்பு மட்டும் செய்தவரைக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்ப்பதைச் சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் நெறிமுறைகள் ஏற்பதில்லை என்பதும் உண்மையே. ஆனால் ஒரு வினாக்கொத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து, சரிபார்ப்பதற்காகத் திரும்ப மூலமொழிக்கு மொழிபெயர்த்து, நோயாளிகளிடம் சோதித்து, அதன் நம்பகத்தன்மையை அளப்பது தனியாக வெளியிடத்தக்க ஆய்வு. அதை அவருடைய தலைமையில் நடத்தவிடுங்கள். மற்றத் தமிழ்ப் பிரதிகளுக்கு ஆய்வு நிதியிலிருந்து கூலி கொடுத்து ஆள் வையுங்கள்.

குழந்தையைப் பற்றி: 2015இல் அமெரிக்காவின் டோரிஸ் டியூக் அறக்கட்டளை, குடும்பப் பொறுப்புகளால் திணறும் இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கென ஒரு திட்டத்தை 10 மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. ஆய்வுக்கூட உதவியாளர், புள்ளிவிபரம் பார்ப்பவர் என்று கூடுதல் கைகளை அமர்த்தவே அந்தப் பணம். உங்கள் துறையில் அவ்வளவு பணம் இராது. ஆனால் உள்ளகப் பயிற்சிக்காகக் காத்திருக்கும் புதிய பட்டதாரி ஒருவரை ஆய்வு உதவியாளராக அமர்த்த முடியும். அவருக்கும் அது அனுபவம். வாரத்தில் ஓர் அரைநாளை ஆய்வுக்கென்று விரிவுரையாளரின் நேர அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் யாராவது கூட்டம் வைத்தால், அவரைத் தர்மசங்கடத்தில் விடாமல் நீங்களே பேசி அதை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.